பதினோராம் ஆண்டு முடிவில்: மேலாளர் ஆவதா, நிரலோடே இருப்பதா?

கரிசல்மண் · 27 டிசம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். இங்கே நீண்ட நாட்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. பதிவு நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

சென்னையில் ஒரு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். 2014 ஜூலையில் கோவில்பட்டியிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வந்து இறங்கியவனுக்கு இப்போது வயது 33. சோழிங்கநல்லூரில் வாடகை வீடு, பள்ளி ஆசிரியையான மனைவி, நான்கு வயது மகள், ஊரில் அப்பாவும் அம்மாவும். ஆண்டிறுதி அப்ரைசல் படிவத்தைத் தரச் சொல்லி மூன்று வாரங்கள் ஆகியும், 'இந்த ஆண்டின் சாதனைகள்' என்ற கட்டத்தில் நான்கு வரிகளுக்கு மேல் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கிடையே, மேலாளர் பொறுப்பை ஏற்கிறேனா இல்லையா என்பதை ஜனவரி 5-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். கடந்த ஆண்டில் நான் என்ன செய்தேன் என்பது தெளிவாகாமல் அடுத்த பத்தாண்டுகளைப் பற்றி முடிவெடுக்க மனம் வரவில்லை. ஆகவே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போது, அனுப்பியவரின் கணக்கில் தொகை கழிந்து, பெறுபவரின் கணக்கில் சேராமல் நின்றுவிடுவது உண்டு. இருவருக்கிடையிலான அனுப்பலில் அப்படி நேர்ந்தால் மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாயை வங்கி வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. நாள்தோறும் வந்து சேரும் தீர்வுக் கோப்புகளை, அதாவது அன்றைய பரிவர்த்தனைகளின் பட்டியல்களை, எங்கள் வங்கியின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, திரும்பிப் போக வேண்டிய பணத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பைத்தான் நானும் இன்னும் ஐந்து பேரும் பராமரிக்கிறோம். கடந்த ஆகஸ்டில், நாடு முழுவதுமான யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டின. அந்தக் கடலில் எங்கள் பங்கு ஒரு குடம்தான். ஆனாலும் பணம் வராதவருக்கு அவருடைய ஐந்நூறு ரூபாய்தான் கடல் என்பது, கிளைகளிலிருந்து வரும் புகார்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த அமைப்பு, நான் வேலைக்குச் சேர்ந்த அதே 2014-இல் வெளிவந்த ஜாவா 8-இல், அதாவது ஜாவா என்ற நிரல்மொழியின் எட்டாம் பதிப்பில், ஓடிக்கொண்டிருந்தது. அதை ஜாவா 21-க்கு மாற்றுவதே இந்த ஆண்டு என் முதன்மையான வேலை. மூன்று மாதம் ஆகும் என்று நான் எழுதிக் கொடுத்த பகுதியை, அலுவலகம் புதிதாக வாங்கித் தந்த செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையோடு ஒன்பது வேலை நாட்களில் முடித்துவிட்டோம். 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் தொகுப்புப் பெயர்களை 'ஜகார்த்தா' என்று மாற்றுவது போன்ற, பொறுமையை மட்டும் கேட்கிற வேலைகளை அது அசராமல் செய்தது. சோதனைகள் அனைத்தும் பச்சையாக, அதாவது தேறியதாக, வந்தன. பாராட்டு மின்னஞ்சலும் வந்தது. எனக்கோ, கல்யாண வீட்டில் பந்திக்குக் கடைசியாக வந்து முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டவனைப் போல ஒரு கூச்சம்.

ரிலீஸுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது ஒரு காரியம் செய்தேன். கடந்த பன்னிரண்டு மாதத் தீர்வுக் கோப்புகள் அனைத்தையும் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் அருகருகே ஓடவிட்டு, விளைவுகளை ஒப்பிட்டேன். யாரும் கேட்கவில்லை, திட்டத்திலும் அது இல்லை. பதினோரு மாதங்கள் அச்சு அசலாகப் பொருந்தின. செப்டம்பரின் முப்பது கோப்புகளும் விழுந்தன. காரணத்தைத் தேடிப் போனால், எங்கள் நிரலில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ தேதி வடிவத்துக்குப் பிரிட்டன் ஆங்கிலத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். ஜாவா 16-இலிருந்து அந்த ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் மூன்றெழுத்திலிருந்து (Sep) நான்கெழுத்தாக (Sept) மாறிவிட்டது. கோப்பில் வருவதோ மூன்றெழுத்து. எங்கள் சோதனைகளில் இருந்த மாதிரிக் கோப்பு ஒரு மார்ச் மாதத்தைச் சேர்ந்தது என்பதால் எல்லாமே பச்சையாக இருந்தன. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: புரியாத தேதி வந்தால் வேலையை நிறுத்தாமல், அந்த வரியைப் 'பிறகு பார்க்க வேண்டியவை' என்ற தனிக் கோப்புறையில் சத்தமில்லாமல் போட்டுவிடும்படி அந்தப் பழைய நிரல் எழுதப்பட்டிருந்தது. செப்டம்பர் 1 தேதியிட்ட முதல் கோப்பு வந்ததும் எந்த எச்சரிக்கையும் ஒலிக்காமல், திரும்பிப் போக வேண்டிய பணம் அனைத்தும் அந்தக் கோப்புறையில் சேரத் தொடங்கியிருக்கும்.

அப்பா ஊரில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மார்ச் 31 இரவு இருப்பு எடுக்கும்போது, கடைசி மாதப் பேரேடு சரியாக இருந்தாலும் பன்னிரண்டு மாதப் பேரேடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, கிடங்கில் இருக்கும் பண்டல்களோடு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். முதலாளி சிரிப்பார். நானும் சிறுவனாக அருகில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். பன்னிரண்டு மாதத்தையும் ஓட்டிப் பார்க்கத் தோன்றியது எங்கிருந்து என்று யோசித்தால் அந்தக் கிடங்கின் மருந்து வாசனைதான் நினைவுக்கு வருகிறது.

இதைப் படிவத்தில் எப்படி எழுதுவது? பிழையைத் திருத்தியது நான்கு வரி. நடந்திருக்கக்கூடிய சேதம் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைச் சாதனையாகக் காட்டினால் மதிப்பிடுபவர் எப்படி நம்புவார்? நம்பினாலும், 'கருவியைக் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்குமே' என்பார். உண்மைதான், பின்னர் நான் கேட்டபோது அது உடனே காரணத்தைச் சொன்னது. கேட்க வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்கு வெளியே ஆண்டு அவ்வளவு நன்றாகப் போகவில்லை. மார்ச்சில் அப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அறுவைக் கூடத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. தீபாவளியன்று ஆன்-கால் முறை, அதாவது அமைப்பில் கோளாறு வந்தால் உடனே பார்க்க வேண்டிய முறை, என்னுடையது. அன்று நண்பகல் தாண்டியதும் ஒரு பெரிய மேகக்கணினி நிறுவனத்தின் அமெரிக்க மையம் விழுந்தது உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டு விதியின் பயனாக எங்கள் முதன்மை அமைப்பு தப்பியது; ஆனால் எச்சரிக்கை அனுப்பும் வெளிச்சேவை அங்கே இருந்ததால் நாங்கள் கண்ணில்லாமல் போனோம். இரவு பதினொன்று வரை திரையைக் கண்ணால் பார்த்துக் காவல் காத்தேன். மகள் மத்தாப்பைத் தாத்தாவோடு கொளுத்தினாள். நான் அதைக் காணொளியில் பார்த்தேன்.

இப்போது கேள்வி. மேலாளர் ஆனால் சம்பளம் கூடும், ஆன்-கால் இருக்காது, பன்னிரண்டு பேர் கொண்ட குழு. நிரலைத் தொடுவது அநேகமாக நின்றுவிடும். நிரலோடே இருந்தால், ஒன்பது நாட்களில் மூன்று மாத வேலையை முடிக்கும் கருவியின் அருகில் நாற்பத்தைந்து வயதில் என் இடம் என்னவாக இருக்கும் என்று தெரியவில்லை. இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள், எதை வைத்து முடிவெடுத்தீர்கள்? உங்கள் ஆண்டுக் கணக்கை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?


தரமணிக்காரன் · 27 டிசம்பர் 2025

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் 2001-இல் டைடல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தவன். கட்டடம் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. டாட்காம் சரிவில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஒன்பது ஆண்டுகள் நிரல் எழுதினேன், பிறகு ஒன்பது ஆண்டுகள் மேலாளராக இருந்தேன், 2019-இல் நானே கேட்டுக்கொண்டு மீண்டும் பொறியாளராகத் திரும்பினேன். ஆகவே இரு கரையிலும் நின்று பார்த்தவன் என்ற உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் உங்கள் படிவம். நடக்காததை எழுத முடியாது என்கிறீர்கள்; உங்கள் துறையில் மட்டும் அது தவறு. நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை பரிவர்த்தனைகளுக்குப் பணம் திருப்பப்பட்டது என்ற எண்ணிக்கை உங்கள் அமைப்பிலேயே இருக்கிறது. அந்தக் கோப்புறை நிரம்புவதை எத்தனை நாள் கழித்து யார் கவனித்திருப்பார்கள் என்பதை, மிகைப்படுத்தாமல், உங்கள் செயல்பாட்டுக் குழுவிடமே கேட்டு மதிப்பிடுங்கள். ஒவ்வொரு நாளின் எண்ணிக்கைக்கும், தாமதமாகியிருக்கும் நாட்களிலிருந்து விதி அனுமதிக்கும் ஒரு நாளைக் கழித்துவிட்டு, மீதி நாட்களை அந்த எண்ணிக்கையாலும் நூறாலும் பெருக்கிக் கூட்டுங்கள். வரும் தொகையையும் அதற்கு வந்த வழியையும் மூன்று வரிகளில் எழுதி, இரண்டு பதிப்புகளின் ஒப்பீட்டு அறிக்கையை இணைத்துவிடுங்கள். கணக்குப்பிள்ளையின் மகன் கணக்காக எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் படிப்பார். மென்பொருளில் இப்படித் தடுத்த சேதத்துக்கு விலை கிடைப்பது மிக அரிது; உங்களுக்கு ரிசர்வ் வங்கியே விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறது.

அடுத்து, மேலாளர் பொறுப்பு. அதை யாரும் உள்ளபடி விவரிப்பதில்லை. காலை ஒன்பதரைக்கு முதல் கூட்டம், மாலை ஏழுக்கு அமெரிக்காவோடு கடைசிக் கூட்டம், இடையில் ஒருவர் வேலையை விடப்போகிறார் என்ற செய்தி, அவர் இடத்துக்கு ஆள் எடுக்க ஒப்புதல் கேட்டு மூன்று படிவங்கள். ஆண்டில் பதினோரு மாதங்கள் இப்படிப் போகும். பன்னிரண்டாவது மாதம் தான் மிகக் கடினம். நன்றாக உழைத்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் மேல் மதிப்பீடு தர முடியும் என்று எண்ணிக்கை வரும்போது, மற்றவரை ஓர் அறைக்கு அழைத்து, நீங்களே நம்பாத ஒரு காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்பது டிசம்பர்களில் அதைச் செய்தேன். அதைத் தாங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்களும் அல்லர். சிலர் அந்த அறையிலும் உண்மையைச் சொல்லத் தெரிந்தவர்கள், அவர்களே நல்ல மேலாளர்கள். எனக்கு அது வரவில்லை. ஆன்-கால் இருக்காது என்கிறீர்கள். இரவில் அமைப்பு விழுந்தால் பொறியாளருக்கு அடுத்த அழைப்பு யாருக்கு வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

கருவிக்கு அஞ்சி மேலாளர் ஆவதானால் வேண்டாம் என்பேன். கடந்த ஜூலையில் நாட்டின் மிகப்பெரிய மென்பொருள் சேவை நிறுவனம், தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்கள்தாம் பாதிக்கப்படுவார்கள் என்று அதுவே சொன்னது. மேலே ஏறி நின்றால் வெள்ளம் தொடாது என்பது இந்த முறை பொருந்தவில்லை.

ஜனவரி 5-க்கு முன் உங்கள் நிறுவனத்திடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். ஸ்டாஃப், பிரின்சிபல் என்று பொறியாளர்களுக்கான தனி ஏணி ஒன்று காகிதத்தில் எல்லா இடத்திலும் இருக்கும். அந்த ஏணியின் மேல் படிகளில் சென்னை அலுவலகத்தில் இன்று எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் அது ஏணி அல்ல, ஏணியின் படம்.


மறுபடி வந்தவள் · 28 டிசம்பர் 2025

மேலே எழுதிய ஐயாவின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் இருவரும் அலுவலகத்தை மட்டுமே எண்ணுகிறீர்கள். நானும் பொறியாளர், 2018-இல் மகன் பிறந்தபோது வேலையை விட்டு, மாமியாரின் பக்கவாதம், பெருந்தொற்று எல்லாம் கடந்து 2021-இல் திரும்பி வந்தவள். வந்தபோது ஒவ்வொரு நேர்காணலிலும் 'இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்' என்று கேட்டார்கள். என்னவெல்லாம் செய்தேன் என்று சொன்னால் அந்த நேர்காணல் முடியாது.

உங்கள் பதிவில் உங்கள் மனைவி ஒரே ஒரு சொற்றொடரில் வருகிறார். மார்ச்சில் நீங்கள் திருநெல்வேலியில் இருந்த நாட்களில் பள்ளிக்கும் போய்க்கொண்டு மகளைப் பார்த்தவர் யார்? தீபாவளியன்று நீங்கள் திரையைக் காத்தபோது வீட்டைக் காத்தவர் யார்? குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. மேலாளர் பொறுப்பா, பொறியாளர் வேலையா என்ற கேள்விக்கு விடை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை உங்கள் வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா என்பது பதிவில் இல்லை. மேலே சொல்லப்பட்ட ஏழு மணிக் கூட்டம் சரியாக அந்த நேரத்தில்தான் விழுகிறது.

இனி, எனக்கு யாரும் உரிய காலத்தில் சொல்லித்தராத சில பணக் காரியங்கள். அப்பாவின் சிகிச்சைக்கு அலுவலகக் காப்பீடுதான் உதவியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தக் காப்பீடு வேலை இருக்கும்வரைதான். மேலாளர் ஆனாலும் ஆகாவிட்டாலும், பெற்றோருக்குத் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்க முயலுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று 2024-இல் குறைத்திருக்கிறார்கள். அந்தக் கடிகாரம் நீங்கள் பாலிசி எடுத்த நாளில்தான் ஓடத் தொடங்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் கடந்த செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. இதயச் சிகிச்சை முடிந்தவருக்குப் பாலிசி தரச் சில நிறுவனங்கள் தயங்கும், சில கூடுதல் பிரீமியம் கேட்கும். மார்ச்சில் நடந்ததை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்த பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதம்.

உங்கள் பிஎஃப் பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். இடையில் நிறுவனம் மாறியிருந்தால் பழைய கணக்கு புதியதோடு இணைந்திருக்கிறதா, ஓய்வூதியப் பங்கு ஒவ்வொரு மாதமும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் பத்தாண்டுச் சேவை நிறைந்துவிட்டதால் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பெரிய தொகை அல்ல, ஆனால் உங்களுடையது. ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பாக வங்கியில் இருக்கும்போது எடுக்கும் முடிவும், இல்லாதபோது எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்காது என்பதை நான் திரும்பி வந்த ஆண்டில் கற்றுக்கொண்டேன். முதலில் கிடைத்த வேலைக்கு என்ன சம்பளம் கொடுத்தார்களோ அதற்குச் சரி என்றேன், பேரம் பேசவே இல்லை.

மருத்துவமனை நாற்காலியில் மடிக்கணினியைத் திறந்ததைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் பதிவு முழுவதிலும் அதுதான் மனதில் நின்றது.


இரண்டாம் ஆண்டு · 28 டிசம்பர் 2025

அண்ணா, நான் 2023-இல் கல்லூரி முடித்து, ஓராண்டு காத்திருப்புக்குப் பின் வேலைக்கு வந்தவன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கீழிருந்து பார்ப்பவனுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பதிவைப் படித்த உடனே என் கணினியில் ஜாவா 21-இல் ஓடவிட்டுப் பார்த்தேன். பிரிட்டன் ஆங்கிலத்தில் நான்கெழுத்து வருகிறது, அமெரிக்க ஆங்கிலத்தில் மூன்றெழுத்தே வருகிறது. இதைக் கண்டதும் எங்கள் குழுவின் நிரலிலும் தேடினேன். ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அடுத்த செப்டம்பருக்குள் நாங்களும் மாறவிருக்கிறோம். திங்களன்று இதைச் சொல்லப் போகிறேன், எங்கே கேட்டேன் என்பதைச் சொல்லாமல்.

எனக்கு முன் வந்தவர்களுக்கு முதல் ஆண்டில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தத் தருவார்களாம். ஒரு பிழைக்கு இரண்டு நாள் தடுமாறி, லாக் கோப்பைப் படித்துக் கற்றுக்கொள்வார்களாம். இப்போது அந்தச் சின்னப் பிழைகள் எங்களிடம் வருவதே இல்லை. கருவி திருத்தியதை நாங்கள் சரிபார்க்கிறோம். எதைப் பார்த்துச் சரிபார்ப்பது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. பன்னிரண்டு மாதக் கோப்புகளையும் ஓட்டிப் பார் என்று எங்கள் குழுவில் எவரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அப்படிச் சொல்லக்கூடிய அண்ணன்மார் எல்லோரும் மேலாளர் ஆகிவிட்டார்கள். தரமணிக்காரர் ஐயா மேலாளர் வேலையின் துன்பத்தைச் சொன்னார். அவர்கள் போனபின் இங்கே என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஐயம்: இந்தப் பிழையைச் சரிசெய்யப் மாதப் பெயர்கள் போன்றவை அடங்கிய பழைய மொழித் தரவையே பயன்படுத்தும்படி ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும் என்று எங்கள் கருவி சொல்கிறது. நீங்கள் அதைத்தான் செய்தீர்களா?


கரிசல்மண் · 29 டிசம்பர் 2025

மூவருக்கும் நன்றி. வரிசை மாற்றிப் பதில் சொல்கிறேன்.

தம்பி, அந்த வழியை எங்கள் கருவியும் முதலில் சொன்னது. ஜாவா 21-இல் அது வேலை செய்யும். ஆனால் ஜாவா 23-இல் அந்த வசதியையே நீக்கிவிட்டார்கள். இன்று அதை வைத்தால், அடுத்த முறை பதிப்பு மாறும்போது இதே பிழை உங்களுக்குப் பின்னால் வருபவரின் காலில் குத்தும். நாங்கள் பன்னிரண்டு மாதங்களின் சுருக்கங்களையும் நாங்களே பட்டியலாகக் கொடுத்துவிட்டோம். எந்த மொழித் தரவு மாறினாலும் கோப்பின் வடிவம் மாறாது. கூடவே, புரியாத தேதி வந்தால் சத்தம் போட்டு நிற்கும்படி அந்தப் பழைய பகுதியையும் மாற்றினோம். உங்கள் குழுவின் நிரலில் அதையும் பாருங்கள், தேதிப் பிழையைவிட அதுதான் ஆபத்தானது.

தரமணிக்காரர் ஐயா, நேற்று இரவு உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். எண்ணை இங்கே எழுத முடியாது. என் ஓராண்டுச் சம்பளத்தைவிடப் பெரியது என்று மட்டும் சொல்லலாம். நான்கு நாளில் கவனித்திருப்பார்கள் என்று செயல்பாட்டுக் குழுவின் தோழர் சொன்னார். பிறகு சிறிது யோசித்து, அந்த வாரம் ஓணம், மிலாடி நபி விடுமுறைகள் வேறு இருந்தனவே என்றார். நான்கு என்றே வைத்துக்கொண்டேன். படிவம் இன்று போய்விட்டது. ஏணியைப் பற்றியும் விசாரித்தேன். சென்னையில் ஒருவர் இருக்கிறார், தரவுத்தளப் பிரிவில். அவரோடு வெள்ளிக்கிழமை தேநீர் குடிக்கப் போகிறேன். அந்தப் படிக்கு ஏற அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, அங்கே நின்றபடி யாருக்காவது சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். அவர் ஆம் என்றால் மேலாளர் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதாக இருக்கிறேன். இல்லை என்றால், ஐயா, உங்களைத் தொந்தரவு செய்வேன்.

சகோதரி, உங்கள் மறுமொழியை என் மனைவியிடம் அப்படியே காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, 'ஆறு முதல் ஒன்பது வரை நான்தான் இருக்கிறேன், அது பதிவேட்டில் ஏறட்டும்' என்றாள். பிறகு ஒரு தாளை எடுத்து, வாரத்தின் ஏழு மாலைகளையும் கட்டம் போட்டாள். மூன்றில் என் பெயர் இருக்கிறது. இதை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியாகிவிட்டது. பிஎஃப் பாஸ்புக்கில் முதல் நிறுவனத்தின் இரண்டு ஆண்டுகள் இணையாமலே கிடந்தன, விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அப்பாவுக்கான காப்பீட்டுக்கு இரண்டு இடங்களில் பேசியிருக்கிறேன், ஸ்டென்ட் வைத்த அறிக்கையைக் கேட்கிறார்கள். அது ஊரில், அப்பாவின் இரும்புப் பெட்டியில், தேதி வாரியாக அடுக்கிய கோப்பில் இருக்கிறது.

போகிக்கு முந்தைய நாள் இரவு முத்துநகர் விரைவு வண்டியில் கிளம்புகிறோம். நவம்பரில் முன்பதிவு திறந்த அன்று காலை எட்டு மணிக்கே மனைவி எடுத்த டிக்கெட். மடிக்கணினியைக் கையோடு கொண்டு போவதா வேண்டாமா என்பது மட்டும் முடிவாகவில்லை. பொங்கல் வாரத்துக்கான ஆன்-கால் பட்டியல் இன்னும் வரவில்லை.